மெம்பர் போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் ஷிப்டு முடிந்து மெம்பர் வீடு திரும்பியபோது, கிடங்கின் இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி இருபது முப்பது பேர் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு கப்பென்று நின்றது. ஒதுங்கி வழி விட்டார்கள். மற்ற நாளில் யாரும் யாருக்கும் வழி விடுகிற இடமில்லை அது, இடித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். அந்தப் புது மரியாதையைப் பார்த்ததுமே அவள் தாளை நோக்கி வேகமாக நடந்தாள்.

தாளில் இருந்தது இதுதான். பழைய கிடங்கில் தங்கியிருக்கும் முப்பத்தெட்டுக் குடும்பங்களும் ஒரு மாதத்துக்குள் கல்குவாரிக்கு அப்பால் போட்டிருக்கும் தகரக் கொட்டகைகளுக்கு மாறவேண்டும். இது வார்டு கமிட்டியின் முடிவு. கடைசி வரியில், ‘குடியேறியோர் பிரதிநிதியின் முழு ஒப்புதலுடன்’ என்று அச்சடித்திருந்தது. குடியேறியோர் பிரதிநிதி வேறு யாருமில்லை, அவள்தான்.

“எங்க காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே மெம்பரம்மா” என்றாள் டீச்சரக்கா. விட்டு வந்த நாட்டில் பள்ளிக்கூட டீச்சர், இங்கே பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். மெம்பரின் அடுத்த அறைக்காரி. “குவாரிக்கு காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பஸ். அவ்வளவுதான். அங்க போய் நாங்க என்ன, கல்லு உடைக்கிறதா?”

“அக்கா, நான் எதுக்கும் ஒப்புக்கலக்கா. சத்தியமா.”

“அப்ப இது என்ன? பேயா வந்து அச்சடிச்சுது?”

யாரோ பின்னாலிருந்து, “அவங்களுக்கு ஊருக்குள்ள தனி வீடு குடுப்பாங்களா இருக்கும்” என்றார்கள். யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ், ஒரே குழாயில் வரிசை நின்று குடம் பிடித்த சனம். அதன் வாயிலிருந்தே அப்படி ஒரு சொல் வந்தது அவளைச் சுருக்கென்று குத்தியது.

அவளுக்கு மெம்பர் என்று பெயர் வந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எல்லாருக்கும் அவள் ஆஸ்பத்திரிக்காரி. பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக் கூடத்தில் வேலை. கொதிக்கிற நீராவி, காதைச் செவிடாக்கும் இயந்திரம், நீளமான சூட்டு உருளைக்குள் ஒரு பக்கம் ஈரமாய் நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வருகிற போர்வைகள். அவள் நிற்பது உருளைக்கு வெளிப்பக்கம். வருகிற துணியில் கறை இருந்தால், கிழிசல் இருந்தால், “இது ஆகாது, திரும்பப் போகட்டும்” என்று தூக்கி எறிவாள். சூப்பர்வைசரே வந்து, “பரவாயில்ல, விடும்மா” என்றாலும் விடமாட்டாள். “நோயாளி உடம்புல படுற துணி சார். உங்க கட்டில்ல போட்டா படுப்பீங்களா?” என்று கேட்டுவிடுவாள். அப்படி வாய் இருந்தவள்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆகாது என்று சொல்கிற வாய்.

அந்த வாய் மேசையைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். காரணம் இருந்தது. எல்லையைத் தாண்டி வந்த அன்றைக்கு, ஒரு நீளமான மேசைக்கு முன்னால் ஆயிரம் பேர் வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பேசிய பாஷை இவர்களில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்ததோ இல்லையோ, தலையாட்டியவர்களுக்கு ஒரு சீட்டும் ஒரு போர்வையும் கிடைத்தன. நின்று கேள்வி கேட்டவர்களை, “ஓரமா நில்லு” என்று சொன்னார்கள். ஓரமாய் நின்றவர்களில் சிலர் மூன்று நாள் அங்கேயே நின்றார்கள், சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றைக்குக் கற்ற பாடம் அவளுக்கு மட்டுமல்ல, கிடங்குக்கே பாடம். பாஷை பிறகு வந்துவிட்டது, தலையாட்டல் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேசினால் போதும், கழுத்து தானாக ஆடும். இது, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா, என்னை ஓரமாய் நிறுத்திவிடாதீர்கள் ஐயா’ என்கிற ஆட்டம். சம்மதத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வார்டு கமிட்டியில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் ஓர் இடம் தரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, கமிட்டிச் செயலாளர் கிடங்குக்கு ஆள் தேடி வந்தார். டீச்சரக்காவை விட்டால் தகுதியான ஆள் கிடையாது. ஆனால் அவள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஏழு கேள்வி கேட்டுவிட்டாள். செயலாளர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்த இவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். கிடங்குக்கு அது புரியவில்லை. நம்மில் ஒருத்தி கமிட்டியில் உட்காரப் போகிறாள் என்று ஒரே கொண்டாட்டம். டீச்சரக்கா தன் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கட்டிவிட்டு, “நேரத்துக்குப் போகணும், இல்லன்னா நம்மளைத்தான் குறை சொல்வாங்க” என்றாள்.

அவளும் ஒரே ஒரு கூட்டம் தவிர எல்லாவற்றுக்கும் நேரத்துக்குப் போனாள். போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு தேநீர். பிறகு தலைவர், “போன கூட்டக் குறிப்பை வாசிச்சதா எடுத்துக்கலாமா?” என்பார். எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். பதினாலு மாதத்தில் ஒரு குறிப்பைக்கூட யாரும் வாசித்து அவள் கேட்டதில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்டதுமில்லை. ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஒப்புக்குச் சப்பாணி என்பது அவளுக்கே தெரியும். இருந்தாலும், நாற்காலி இருக்கிறதே, அதை விட்டுவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி புருஷனிடம் சொன்னாள். கிசுகிசுவென்றுதான் சொல்லமுடிந்தது. கிடங்குக்குள் அறை என்பது ஆளுயர ஒட்டுப்பலகைத் தடுப்புதான். கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் ஆயுசு சொல்வார்கள். டீச்சரக்கா அறையில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்தது.

“வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. நான் ஒப்புக்கலன்னு சொல்லப் போறேன்” என்றாள்.

புருஷன் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். அதிகம் பேசாதவன். கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தான்.

“நம்ம தங்கும் அட்டை இந்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“புதுப்பிக்கிற தாள் யார் மேசையில இருக்கு?”

தலைவர் மேசையில்தான் இருந்தது. அவர் சிபாரிசுக் கையெழுத்து இல்லாமல் அது அங்குலம் நகராது.

“குவாரிக்குப் போனாலும் உசுரோட இருக்கலாம்” என்றான் அவன். “அட்டை போச்சுன்னா நாம எங்க போறது, சொல்லு. ஊர்ல எல்லாருக்கும் வாய் இருக்கு. நீ ஒருத்திதான் திறக்கணுமா?”

கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னான். அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. படுத்துக்கொண்டே, போன கூட்டத்தில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கடைசி விஷயமாகத் தலைவர் அரைமணி நேரம் பேசினார். புதுக் கொட்டகை, தனித்தனிக் குழாய், காற்றோட்டம். பிறகு அவள் பக்கம் திரும்பி, “நல்ல ஏற்பாடுதானே?” என்றார். அவள்... அவள் தலையாட்டினாள்! யாருக்கு ஏற்பாடு, எந்த இடம் என்று எதுவும் விளங்காமலே, மடத்தனமாக, நன்றாக மூன்று தடவை ஆட்டினாள். அந்தக் கணம் கண்முன் வந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை குழாயடியில் டீச்சரக்காவிடம் போய் நின்றாள். மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

“தலையாட்டிட்டேங்க்கா. வாயால எதுவும் சொல்லல. ஆனா ஆட்டினேன்.”

“பூம்பூம் மாடு மாதிரி” என்றாள் டீச்சரக்கா. அவளுக்கு வந்த கோபத்தில் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று இவள் காத்திருந்தாள். டீச்சரக்கா குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

“குறிப்பை அடுத்த கூட்டத்துல வாசிப்பாங்கல்ல?”

“வாசிக்க மாட்டாங்க. வாசிச்சதா எடுத்துக்குவாங்க.”

“அங்கதான் இருக்கு. எங்க ஸ்கூல் மீட்டிங்குக்கு ஆறு வருஷம் குறிப்பு எழுதினவ நான். அடுத்த கூட்டத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் அது முடிவு. அதுவரைக்கும் வெறும் தாளு. வாசிக்கச் சொல்லு. தப்புன்னு சொல்லு. திருத்தியே ஆகணும்.”

“நான் சொன்னா வாசிப்பாங்களாக்கா? என்னை யாரு மதிக்கிறா?”

“மதிக்காமயா அன்னைக்கு செயலாளரே உன்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு?”

டீச்சரக்கா குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் மெம்பர் அன்று முழுக்க உருளைக்கு முன் நின்று அதையே யோசித்தாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்கு அவளால் போகமுடியவில்லை. சலவைக் கூடத்தில் ஆள் குறைவு. செயலாளரே பளபளக்கும் பூட்ஸோடு நீராவிக்குள் இறங்கி வந்து, பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கௌரவம் என்று அவள் பெருமைப்பட்டு ஊரெல்லாம் சொன்னாள். இப்போது வேறு மாதிரி தோன்றியது. ஒப்புக்கு உட்காருகிறவளின் கையெழுத்துக்காக எதற்கு அவ்வளவு ஓட்டம்? அது இல்லாவிட்டால் அவர்களுக்கு ஏதோ இடிக்கிறது. பேச்சு வேண்டாம், ஆள்கூட வேண்டாம், கையெழுத்து மட்டும் கட்டாயம் வேண்டும். அன்றைக்குக் கறை படிந்த ஒரு போர்வை அவள் கண்ணில் படாமல் தாண்டிப் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. மாடியறை, நீள மேசை, ஏழு நாற்காலி. செயலாளர் வழக்கம்போலப் பதிவேட்டைத் திருப்பி அவள் முன் தள்ளினார். விரலால் கட்டத்தைக் காட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை. உட்காரவுமில்லை.

“கையெழுத்தும்மா” என்றார் அவர்.

“போடுறேன் சார். முதல்ல போன கூட்டத்துல என்ன எழுதினீங்கன்னு வாசிங்க.”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. செயலாளர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

“அது அப்புறமா வரும்மா. முதல்ல கையெழுத்து, அப்புறம் கூட்டம். அதான் முறை.”

“நான் போடலைன்னா?”

அவர் தலைவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் கையெழுத்து இல்லாத கூட்டம் கூட்டமே அல்ல.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தியவரில்லை. இன்றும் உயர்த்தவில்லை.

“உங்க தங்கும் அட்டை புதுப்பிக்க வந்திருக்குல்லம்மா? நேத்துதான் பார்த்தேன். நாளைக்குப் போட்டு அனுப்பிடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.”

மிரட்டல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு இனிமையாகச் சொன்னார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம், சிரிக்கிறவனிடம் என்ன செய்வது? அவளுக்குக் கழுத்து மெல்ல ஆட ஆரம்பித்தது. அது அவளுக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நிறுத்தினாள்.

“நல்லதுங்கய்யா. இப்ப குறிப்பை வாசிக்கச் சொல்லுங்க.”

மேசையின் கோடியிலிருந்த மளிகைக்கடைக்காரர், “வாசிங்கப்பா, இதுக்கு என்ன இவ்வளவு இழுவை? எனக்குக் கடை திறக்கணும்” என்றார். கிடங்குச் சனம் வந்ததிலிருந்து தெருக் குழாயில் தண்ணீர் போதவில்லை என்று மாதம் தவறாமல் புகார் வாசிப்பவர் அவர்.

செயலாளர் வாசித்தார். “மாற்று இடம் குறித்துத் தலைவர் விரிவாக விளக்கினார். குடியேறியோர் பிரதிநிதி முழு ஒப்புதல் தெரிவித்தார்.”

“நான் என்ன வார்த்தை சொன்னேன் சார்?”

“நீங்க... தலையாட்டினீங்கம்மா.”

“ஆட்டினேன். இல்லேங்கல.” அவள் மூச்சு வாங்கினாள். “பதினோரு வருஷமா மேசைக்கு அந்தப் பக்கம் யார் பேசினாலும் ஆட்டுறேன் சார். ஆட்டலைன்னா ஓரமா நிக்கவச்சுடுவாங்கன்னு பயம். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னுதான் அதுக்கு அர்த்தம். சம்மதம்னு எழுத அதுல ஒண்ணும் இல்ல.”

“அப்போ இந்தப் பதினாலு மாசமா எதுக்கெல்லாம் சம்மதிச்சீங்க?” என்றார் தலைவர். இப்போது குரலில் இனிமை கொஞ்சம் குறைந்திருந்தது.

“என்னை யாரும் கேக்கவே இல்லையேய்யா.”

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “இவங்க குவாரிக்குப் போனா எனக்கு நல்லதுதான், மறைக்கல. ஆனா இந்தம்மா பேசி நான் இன்னைக்குத்தான் கேக்குறேன். சும்மா எழுதப்படாது. நாளைக்கு நான் சொல்லாததையும் எழுதுவீங்க” என்றார்.

தலைவர் சற்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “சரி. அந்த வரியை அடிச்சிடலாம். ஞாயித்துக்கிழமை நானே வந்து அவங்களை நேர்ல கேக்குறேன். அவங்க சம்மதிச்சா நீங்க குறுக்க நிக்கக் கூடாது. ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன்” என்று வாயால் சொன்னாள். வரியை அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டாள். படியிறங்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அட்டை அந்த மேசையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை முழுக்கக் கிடங்கில் வாய் ஓயவில்லை. நான் இப்படிக் கேட்பேன், நான் அப்படிக் கேட்பேன் என்று ஆளாளுக்கு வீராப்பு. டீச்சரக்கா பன்னிரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தாள். மெம்பரின் புருஷன் மட்டும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாளாக அவளோடும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். கிடங்கு முற்றத்தில் செயலாளர் ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார். மேசை! தலைவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார், சனமெல்லாம் இந்தப் பக்கம் நின்றது. நேற்று வீரம் பேசிய அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். காற்றோட்டம், குழாய், கூரை. கடைசியில் எல்லாரையும் அன்பாக ஒரு சுற்றுப் பார்த்து, “உங்க நல்லதுக்குத்தான். எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார்.

முப்பத்தெட்டுக் குடும்பமும் தலையாட்டியது.

பெரியவர்கள் ஆட்டினார்கள். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆட்டின. பன்னிரண்டு கேள்வி எழுதிய தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு டீச்சரக்காவும் ஆட்டினாள். தலைவர் மெம்பரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“தலையை ஆட்டாதீங்க!” அவள் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. “போறேன்னா போறேன்னு சொல்லுங்க. போகமாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க! ஆட்டினா அவங்க எழுதிக்குவாங்க!”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். செயலாளர் எழுதலாமா என்பது போலத் தலைவரைப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று அவள் நினைத்தாள்.

“ஆறு மணிக்குக் கடைசி பஸ்சு” என்றது ஒரு குரல். அவள் புருஷனின் குரல். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து வந்தது. “எனக்கு டிப்போவுல எட்டு மணிக்குத்தான் வேலை முடியும். எனக்குச் சம்மதம் இல்லைங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் வெளிறி நின்றிருந்தான்.

“பேரு?” என்றார் செயலாளர். “பேர் சொன்னாத்தான் எழுதமுடியும்.”

பெயர் எழுதப்படுவது என்றால் என்னவென்று அந்த முற்றத்தில் தெரியாதவர் கிடையாது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையாட்டவில்லை.

“சொல்லுங்க” என்றாள்.

அவன் சொன்னான். தன் பெயரையும், அப்பா பெயரையும், அட்டை எண்ணையும் சேர்த்தே சொன்னான். செயலாளர் எழுதி முடிக்கும் வரை யாரும் அசையவில்லை. பிறகு டீச்சரக்கா தாளைப் பிரித்துக்கொண்டு மேசைக்கு வந்து, யாரும் கேட்கும் முன்பே தன் பெயரைச் சொன்னாள்.